‘நாக் ஆஃப்’ எப்போ? மெல்பர்ன் போனவருக்கு ஒரு பதில்

பெங்களூருல இருந்து மெல்பர்ன் வேலைக்குப் போன இடத்துல, ‘வாட் டைம் டு யூ நாக் ஆஃப் (knock off)?’னு மேனேஜர் கேட்டதும் முழிச்சேன்னு எழுதியிருந்தீங்க. வேலை முடிச்சு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்கன்னுதான் கேட்டிருக்கார். ஆஸ்திரேலியாவுல இது தினசரிப் பேச்சு. வெள்ளிக்கிழமை ‘நாக் ஆஃப் டிரிங்க்ஸ்’னு (வேலை முடிஞ்சதும் சேர்ந்து குடிக்கப் போறது) கூப்பிட்டா, ஜூஸோட நின்னாலும் பரவாயில்லை, போயிட்டு வாங்க.

கேள்வியைச் சாதாரணமா விடாதீங்க. இங்க பெங்களூரு மாரத்தஹள்ளியில ஏழரை மணி வரைக்கும் சீட்ல இருக்கிறது, பாதி டிராஃபிக் குறையட்டும்னு, பாதி மேனேஜர் இன்னும் எழுந்திருக்கலையேன்னு. மெல்பர்ன்ல அது எடுபடாது. சட்டப்படி முழுநேர வேலைன்னா வாரம் 38 மணி நேரம். அதுக்கு மேல நியாயமான அளவுக்குத்தான் கேட்க முடியும். 2024 ஆகஸ்ட்ல இருந்து, வேலை நேரம் முடிஞ்சு வர்ற ஃபோனை எடுக்காம இருக்கவும் உரிமை உண்டு (மறுக்கிறது நியாயமில்லாததா இருந்தா மட்டும் செல்லாது; சின்ன கம்பெனிகளுக்கு இது ஒரு வருஷம் கழிச்சுத்தான் வந்தது). பெங்களூரு டீம்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க: இங்க மத்தியானம் பன்னிரண்டரைன்னா அங்க சாயங்காலம் அஞ்சு, அக்டோபர்ல கடிகாரத்தை மாத்தினதும் ஆறு. சாப்பிட்டு வந்து ஃபோன் கால் போட்டுக்கலாம்னா ஆள் சிக்க மாட்டாங்க.

மத்த அர்த்தங்களும் காதுல விழும். பழைய சோஃபா வாங்கும்போது ‘கேன் யூ நாக் ட்வென்ட்டி டாலர்ஸ் ஆஃப்?’னு கேட்கலாம், நம்ம ‘கொஞ்சம் பாத்துப் போட்டுக் கொடுங்க’தான். ‘நாக் இட் ஆஃப்!’னா ‘போதும், நிறுத்து!’ சத்தம் போடுற பசங்களை அதட்டுறது. மேலதிகாரிகிட்ட வாய் தவறிக்கூட வேண்டாம். ‘இட்’ நடுவுலதான் வரணும், ‘நாக் ஆஃப் இட்’ கிடையாது. வேலை முடிக்கிற அர்த்தத்துல ‘இட்’டே வேண்டாம், ‘ஐ நாக் ஆஃப் அட் ஃபைவ்’ போதும். பெங்களூரு மெஜஸ்டிக் பக்கம் பிளாட்ஃபாரத்துல கிடைக்கிற டூப்ளிகேட் ஷூவும் ஒரு ‘நாக்-ஆஃப்’தான்.

ஒண்ணுல மட்டும் உஷார். ‘ரிப்போர்ட்டை ஒரு மணி நேரத்துல நாக் ஆஃப் பண்ணிட்டேன்’னு உங்க வேலையைப் பத்தி நீங்களே சொல்லாதீங்க, மளமளன்னு முடிச்சதைவிட, ஏனோதானோன்னு எழுதித் தள்ளின மாதிரிதான் கேட்கும். ‘ஃபினிஷ்ட்’னே சொல்லிடுங்க.

கிரைம் சீரியல்ல ஒருத்தனை ‘நாக் ஆஃப்’ பண்ணிட்டாங்கன்னா ஆளைப் போட்டுத் தள்ளிட்டாங்கன்னு அர்த்தம். உங்க மேனேஜர் அதைக் கேட்கலை, நிம்மதியா அஞ்சு மணின்னு பதில் சொல்லுங்க.