தத்துவத் துறையில் பெண்கள் ஏன் குறைகிறார்கள்? முனைவர் ஆய்வில் சேருமுன் எதை விசாரிக்க வேண்டும்?

கேள்வி: கயல்

அனைவருக்கும் வணக்கம். தத்துவத்தில் முதுகலை முடித்துவிட்டு, முனைவர் ஆய்வுக்காகப் பிரிட்டனில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருந்தேன். இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. தர்க்கமும் மொழித் தத்துவமும்தான் எனக்குப் பிடித்தவை. இரு துறைகளின் ஆசிரியர் பட்டியலையும் பார்த்தபோது பெண்கள் மிகச் சிலராகவே இருந்தார்கள். பேராசிரியர் பதவியில் இருப்பவர்கள் அதிலும் குறைவு. இலக்கியத்திலும் வரலாற்றிலும் பெண்கள் இத்தனை பேர் இருக்கும்போது தத்துவத்தில் மட்டும் ஏன் இப்படி என்று, எனக்குப் பாடம் நடத்திய ஒருவரிடம் கேட்டேன். “பெண்களுக்கு இந்த மாதிரி விவாதத்தில் நாட்டம் இருக்காதம்மா, வேறொன்றுமில்லை” என்றார். அந்தப் பதில் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது உண்மைதானா? ஒரு துறையில் சேருவதற்கு முன் நான் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: ஏரிக்கரை

முதலில் வாழ்த்துகள், கயல். நான் பிரிட்டனில் இதே துறையில் ஆய்வு முடித்து, அங்கே சில காலம் பாடமும் நடத்தியவள். நாட்டம் இல்லை என்பது உண்மையானால், பெண்கள் இளங்கலையிலேயே சேர்ந்திருக்க மாட்டார்கள். தத்துவவியலாளர்களான ஹெலன் பீபீயும் ஜெனிஃபர் சாலும் தயாரித்து 2011-இல் வெளிவந்த அறிக்கையைப் பாருங்கள். பிரிட்டனில் இளங்கலைத் தத்துவ மாணவர்களில் பெண்கள் 46 விழுக்காடு; முனைவர் ஆய்வில் 31; நிரந்தர ஆசிரியர்களில் 24; பேராசிரியர்களில் 19. பிற்பாடு இந்த எண்கள் சற்று உயர்ந்திருக்கின்றன, ஆனால் மேலே போகப் போகக் குறைவது நிற்கவில்லை. ஏறக்குறைய பாதிப் பேர் ஆசையோடு உள்ளே வந்து, ஒவ்வொரு கட்டத்திலும் உதிர்ந்துகொண்டே போகிறார்கள் என்றால், அந்தக் கட்டங்களில் என்ன நடக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

கருத்தரங்க அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். உரை முடிந்ததும் கேள்வி நேரம் தொடங்கும். புதிய கேள்வி கேட்க விரும்புகிறவர் கையைத் தூக்குவார். நடந்துகொண்டிருக்கும் கேள்வியை ஒட்டி ஏதாவது சொல்ல விரும்புகிறவர் ஒரு விரலை மட்டும் காட்டுவார். தலைமை வகிப்பவர் ஒரு தாளில் பெயர்களை வரிசையாகக் குறித்துக்கொள்வார். விரல் காட்டியவர் அந்த வரிசையைத் தாண்டி உடனே பேசலாம் என்பதால், கூச்சமில்லாமல் திரும்பத் திரும்ப விரல் காட்டும் நான்கைந்து பேர் நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். முதலிலேயே கையைத் தூக்கிய மாணவியின் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். முறை வந்தாலும் முடிந்துவிடுவதில்லை. நான் இருந்த ஒரு துறையில், ஒரு மாணவி எழுப்பிய மறுப்புக்குப் பேச்சாளர் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். சிறிது நேரத்தில் அதே மறுப்பை வேறொரு ஆண் மாணவர் சொன்னார். பேச்சாளர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். இரவு விருந்தில் அந்த மறுப்பு அந்த ஆண் மாணவரின் பெயரால்தான் பேசப்பட்டது. அந்த மாணவி அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

எதிராளியை வீழ்த்துவதே தத்துவம் என்று கொள்ளும் இந்தப் போக்கைத் தத்துவவியலாளர் ஜேனிஸ் மோல்டன் 1983-லேயே விமர்சித்து எழுதினார். ஓர் ஆண் கடுமையாக வாதிட்டால் கூர்மை என்கிறார்கள், அதே கடுமையைப் பெண் காட்டினால் முரட்டுத்தனம் என்கிறார்கள் என்பதால், அந்தப் பாணியில் தேர்ச்சி பெற்ற பெண்ணும் தப்ப முடிவதில்லை.

மறுமொழி: பழைய வாசகர்

கயல் தர்க்கத்தில் ஆர்வம் என்று சொன்னதால் ரூத் பார்க்கன் மார்கஸை நினைவுபடுத்த விரும்புகிறேன். இன்றியமையாமை, சாத்தியம் ஆகியவற்றைக் கையாளும் தர்க்கத்தில் 1946-இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் அத்துறைக்கே அடித்தளம். அவர் பெயராலேயே வழங்கும் சூத்திரத்தை நீங்கள் வகுப்பில் எழுதியிருப்பீர்கள். அவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது தத்துவ மன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவியை மறுத்துவிடும்படி துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. மன்றத்தின் செயற்குழு கூடும் விடுதியில் பெண்களை அனுமதிப்பதில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மார்கஸ் அக்கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை, பதவியையும் விடவில்லை.

அதற்கும் முன்பே, மேரி விட்டன் கால்கின்ஸ் ஹார்வர்டில் தத்துவவியலாளர்கள் வில்லியம் ஜேம்ஸிடமும் ஜோசையா ராய்ஸிடமும் படித்து, 1895-இல் முனைவர் பட்டத்துக்கான எல்லாத் தேர்வுகளையும் முடித்தார். ஆசிரியர்கள் பரிந்துரைத்தும், பெண் என்பதால் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்துவிட்டது. பிறகு 1902-இல் பெண்களுக்கான ராட்கிளிஃப் கல்லூரியின் பெயரில் பட்டம் தர முன்வந்தபோது, தான் படித்தது ஹார்வர்டில் என்று சொல்லி அதை ஏற்க மறுத்தார். அமெரிக்கத் தத்துவச் சங்கத்தின் தலைவராக 1918-இல் வந்த முதல் பெண் அவர்தான்.

இரண்டாம் உலகப்போர்க் கால ஆக்ஸ்ஃபோர்டும் இங்கே கவனிக்கத்தக்கது. பின்னாளில் பெயர்பெற்ற தத்துவவியலாளர்களான எலிசபெத் ஆன்ஸ்காம், ஃபிலிப்பா ஃபுட், ஐரிஸ் மர்டாக், மேரி மிட்ஜ்லி ஆகிய நால்வரும் ஒரே காலத்தில் அங்கே படித்தவர்கள். ஆண்களில் பெரும்பாலோர் போருக்குப் போயிருந்த வகுப்பறைகளில்தான் தங்கள் குரல் கேட்டது என்ற பொருளில் மிட்ஜ்லி தம் முதுமையில் எழுதினார். ஆண்கள் என்பதற்காக அவர்களைக் குறை சொல்லவில்லை. வாதத்தில் வென்று பெயர் வாங்கத் துடிக்கும் இளைஞர் கூட்டம் நிறைந்த அறையில் எந்தச் சிந்தனையும் நிதானமாக வளராது என்பதே அவர் கருத்து. இத்தனை பேர் ஒருசேரத் தலையெடுக்க ஒரு போர் தேவைப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மறுமொழி: மறுபரிசீலனை

ஏரிக்கரை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கருத்தரங்க அறை ஒன்றையே காரணமாக்கினால் கணக்கு முழுமையாகாது. அமெரிக்காவில் பேக்ஸ்டன், ஃபிக்டார், டைபீரியஸ் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களின் பங்கு மிக அதிகமாகக் குறைவது அறிமுக வகுப்புக்கும் தத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுப்பதற்கும் இடையில்தான் என்று தெரியவந்தது. அந்த மாணவிகள் விரல் காட்டும் கருத்தரங்கைப் பார்த்ததே இல்லை.

பெண்களின் உள்ளுணர்வுகள் தத்துவச் சிந்தனைச் சோதனைகளில் (ஒரு கற்பனைச் சூழலைச் சொல்லி, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பவை) ஆண்களுடையவற்றிலிருந்து வேறுபடுவதால் விலகுகிறார்கள் என்று ஒரு விளக்கம் சில காலம் உலவியது. பிறர் அதே சோதனைகளைத் திரும்பச் செய்தபோது அந்த வேறுபாடு பெரும்பாலும் கிடைக்கவில்லை. எனக்கு வலுவாகத் தோன்றுவது சாரா ஜேன் லெஸ்லியும் ஆண்ட்ரே சிம்பியனும் வேறிருவரும் 2015-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. ஒரு துறையில் வெற்றி பெறப் பிறவி மேதைமை வேண்டும் என்று அதன் ஆசிரியர்கள் எந்த அளவுக்கு நம்புகிறார்களோ, அந்த அளவுக்கு அங்கே பெண்கள் குறைந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை மிக ஓங்கியிருந்த துறைகளில் தத்துவமும் ஒன்று. மேதை என்றதும் மனத்தில் எழும் உருவம் ஆணாகவே இருக்கும் சமூகத்தில், பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு முதல் வகுப்பிலேயே இந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

உச்சியிலும் இதுவே. முன்னணித் தத்துவ இதழ்கள் நான்கில் 1993 முதல் 2013 வரை எந்த ஆக்கங்கள் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டன என்று சமூகவியலாளர் கீரன் ஹீலி கணக்கெடுத்தார். முதல் ஐந்நூறு சொச்சத்தில் பெண்கள் எழுதியவை 4 விழுக்காடு கூட இல்லை. டேவிட் லூயிஸ் என்ற அமெரிக்கத் தத்துவவியலாளர் ஒருவர் எழுதியவை அதைவிட அதிகம். பெயரை மறைத்துக் கட்டுரைகளை மதிப்பிட்டாலும், யாரை மேற்கோள் காட்டுவது என்பதை அந்த ஏற்பாடு கட்டுப்படுத்துவதில்லை.

மறுமொழி: கயல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இனி அந்த ஆசிரியருக்கு என்ன சொல்வதென்று தெரியும். துறையைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி: ஏரிக்கரை

துறையின் வலைப்பக்கத்தை நம்பாதீர்கள். அங்கே ஆய்வு செய்யும் பெண்களிடம், துறை ஏற்பாடு செய்யும் அழைப்பில் அல்லாமல் தனியாகப் பேசுங்கள். படிப்பை முடித்த பெண்களைவிட, இடையில் விட்டுப் போனவர்களைப் பற்றியே முக்கியமாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி நேரத்துக்கு முன் சிறு இடைவெளி விடுகிறார்களா, மாணவர்களுக்கு முதல் வாய்ப்புத் தருகிறார்களா, பிள்ளைகளை அழைத்துவர வேண்டியவர்கள் வரமுடியாத மாலை வேளையில் கருத்தரங்கு வைக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். பிரிட்டிஷ் தத்துவச் சங்கமும் பெண் தத்துவவியலாளர் சங்கமும் சேர்ந்து இதற்கென்று நன்னடத்தைத் திட்டம் ஒன்றை வகுத்திருக்கின்றன. அதில் உங்கள் துறை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புகார் வந்தால் யார் கையாள்வார்கள் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத் தத்துவத் துறையை, அமெரிக்கத் தத்துவச் சங்கத்தின் பெண்கள் குழு சார்பில் வந்தவர்கள் 2013-இல் நேரில் பார்த்துப் பாலியல் தொல்லை பற்றி எழுதிய அறிக்கை, 2014 ஜனவரியில் வெளியானது. துறைத் தலைமை மாற்றப்பட்டு, புதிய ஆய்வு மாணவர் சேர்க்கையும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. வெளியாட்கள் வந்து பார்த்த பிறகே நடவடிக்கை பிறந்தது என்பதை மறக்க வேண்டாம்.

தர்க்கத்தை விட்டு அறவியலுக்கு மாறினால் உங்களுக்கு எளிதாக இருக்கும் என்று யாராவது அன்போடு சொல்வார்கள், கேட்காதீர்கள். கடைசியாக, இரண்டாவது வழிகாட்டி யார் என்பதைச் சேருவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் வழிகாட்டியோடு உறவு கசந்தால், வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத உங்கள் ஆய்வை முழுமையாகப் படித்த இன்னொருவர் அங்கே இருந்தாக வேண்டும்.