வளைவுக்குள் முன் பிரேக்: இறம்பொடை வீடியோ பற்றி

பழைய ஸ்பேனர்:
ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாப் பக்கம் இறம்பொடை இறக்கத்தில் பைக்கில் வந்தபோது எடுத்த வீடியோ ஒன்றை ஒரு தம்பி போட்டிருக்கிறார். கீழே எழுதியிருப்பது இது: "ஐல் ஒஃப் மேன் டிடியில் ஓடுகிறவன் வளைவுக்குள் பிரேக்கைத் தொடவே மாட்டான். அதுதான் துணிச்சல். அது எனக்கும் இருக்கு." டிடி என்றால் அந்தத் தீவின் பொது ரோட்டில் நடக்கும் பைக் பந்தயம். இதற்கு இத்தனை பேர் கைதட்டல். எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், அந்த வளைவுகளிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த பைக்குகளை நிமிர்த்தியே என் முதுகு வளைந்தது.

பந்தயக்காரன் முன் பிரேக்கைப் பிடித்தபடிதான் வளைவுக்குள் நுழைகிறான். சாயச் சாய விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறான். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் வரும், முன் டயர் தரையில் அகலமாக உட்காரும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் இறங்கி ஹேண்டில் சுறுசுறுப்பாகத் திரும்பும். இதெல்லாம் தெரியாமல் "தொடவே மாட்டான்" என்று எழுதுவது யாருடைய துணிச்சல்?

இன்னொன்று. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் தம்பியின் பிரேக் லைட் எரிகிறது. பின்னால் வந்த சிநேகிதர் எடுத்த வீடியோ, தெளிவாகத் தெரிகிறது. தொட்டாயா இல்லையா?

லபுக்கெலை பல்சர்:
அண்ணே, வணக்கம். அது பின் பிரேக். நான் எழுதியது முன் பிரேக்கைப் பற்றி.

பழைய ஸ்பேனர்:
நீ எழுதியதில் "முன்" என்ற சொல்லே இல்லை. மேலே போய்ப் பார். பின் பிரேக் என்ன, பிரேக் இல்லையா? சாய்ந்த வண்டியில் பின் பிரேக்கை அதிகமாக மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும். இறக்கத்தில் பாரம் ஏற்கெனவே முன்னால் போய்விட்டது, பின் டயர் பாதி வேலையற்று நிற்கிறது. முன் பிரேக்குக்குப் பயந்து பின் பிரேக்கை மிதிக்கிறவனுக்கு எங்கள் ஊரில் துணிச்சல்காரன் என்று பெயர் இல்லை.

அப்புத்தளை மூடுபனி:
ஸ்பேனர் அண்ணே சொல்வது சரி, ஆனால் டிடியைத் தனித் தடத்தில் ஓடுகிற மோட்டோஜிபி பந்தயம் மாதிரிப் பேசாதீர்கள். அது வேறு உலகம். ஒரு சுற்று 60 கிலோமீட்டர், 200க்கும் மேற்பட்ட வளைவுகள், பக்கத்தில் கல் மதில், வீட்டு வாசல், தந்திக் கம்பம். முழங்காலைத் தரையில் தேய்க்கிற ஆட்டமெல்லாம் எல்லா இடத்திலும் நடக்காது. ஜோயி டன்லப் டிடியை 26 முறை வென்றது வெறும் துணிச்சலாலா? ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். கொஞ்சம் வேகத்தைக் கையில் மிச்சம் வைத்துக்கொண்டுதான் ஓடினார்.

டிக்கோயா எஃப்ஸி:
26ஐ மைக்கல் டன்லப் 2024லேயே தாண்டிவிட்டார். பழைய கதை.

அப்புத்தளை மூடுபனி:
மைக்கல் ஜோயியின் தம்பி மகன். குடும்பச் சொத்துத்தான், உங்களுக்கு அதில் என்ன பங்கு?

டிக்கோயா எஃப்ஸி:
எனக்குப் பங்கு வேண்டாம். பீட்டர் ஹிக்மன் 2023ல் மணிக்கு 136 மைலுக்கு மேல் சராசரி வைத்து ஒரு சுற்றுப் போனார், அதாவது 219 கிலோமீட்டர். ஜோயியின் காலத்தில் அது கனவு. வேகத்தைப் பற்றிப் பேசுவோமா?

அப்புத்தளை மூடுபனி:
ஜோயி 2000 ஆம் ஆண்டு 48 வயதில் ஒரே வாரத்தில் மூன்று டிடி வென்றார். உங்கள் எஃப்ஸி பைக்கை 48 வயதில் ஹட்டன் டவுன் வரை ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

பழைய ஸ்பேனர்:
அடுத்த மாதமே அந்த மனிதர் எஸ்தோனியாவில் மழையில் ஓடி இறந்தார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சரி, நாம் பேசியது பிரேக். தம்பி எங்கே?

கணக்கு சேர்:
ஒரு சின்னக் கேள்வி. வளைவு எங்கே தொடங்குகிறது? பைக் சாயத் தொடங்கும் இடத்திலா, முழுதாகச் சாய்ந்த இடத்திலா? ஸ்பேனர் முதலாவதைச் சொல்கிறார், பல்சர் தம்பி இரண்டாவதை நினைக்கிறார் என்று தோன்றுகிறது. இதை ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை முடியும்.

மற்றபடி கணக்கு இதுதான்: 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏறத்தாழ 40 பாகை சாய வேண்டும். வேகம் 44 ஆகிவிட்டால் சாய்வு 45 பாகையைத் தாண்டிவிடும். வேகத்தைப் 10 வீதம் கூட்டினால் டயரிடம் கேட்கும் பிடி 21 வீதம் கூடுகிறது. ஆள் உடம்பை உள்பக்கம் தொங்கவிட்டால் வண்டி கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தால் போதும். ஆனால் டயர் கொடுக்க வேண்டிய பிடி குறையாது.

லபுக்கெலை பல்சர்:
சேர், நான் 40க்கும் குறைவு. ஸ்பேனர் அண்ணே, உங்களுக்குப் பதில் சொல்கிறேன். அந்த பிரேக் லைட் சுவிட்சை மாற்றியது யார்? உங்கள் பட்டறைதான். மாசியில் போட்டீர்கள். அன்றிலிருந்து மேட்டுப் பள்ளத்தில் குலுங்கினாலே லைட் எரிகிறது. இப்போது அதையே சாட்சியாகக் கொண்டு வருகிறீர்கள்.

பழைய ஸ்பேனர்:
ஆகா. சுவிட்சுக்கும் கூலிக்கும் 1,800 ரூபா இன்னும் வரவில்லை என்பதையும் எழுது. "சம்பளம் வந்ததும் தருகிறேன்" என்று போனவர், சம்பளம் எத்தனை முறை வந்தது? காசு கொடுக்காதவனுக்குக் குலுங்கினாலும் எரியும், குலுங்காவிட்டாலும் எரியும். ஆனால் வீடியோவில் அந்த இடம் வழவழவென்று தார் போட்ட புதுக் காபெட் ரோட்டு. குலுங்க என்ன இருக்கிறது?

டிக்கோயா எஃப்ஸி:
இது வேறு லெவல்.

கொழுந்து லொறி:
நான் அந்தப் பாதையில் 11 வருடமாக ஓடுகிறேன். உங்கள் பிரேக் எனக்குத் தேவையில்லை, உங்கள் தலைதான் எனக்குப் பிரச்சினை. நம் நாட்டில் இடப்பக்கமாக ஓடுகிறோம். வலது வளைவில் வலப்பக்கம் சாய்ந்தால் டயர் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஹெல்மட் அந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் வருவது நான். பின்னால் தேயிலைக் கொழுந்து மூட்டைகள், முன்னால் பனி. டிடியில் ரோட்டை மூடி, 10 செக்கனுக்கு ஒருவராக அனுப்புகிறார்கள். எதிரே யாரும் வரமாட்டார்கள். இறம்பொடையில் யார் மூடினார்கள்?

2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் முறைப்படி நடந்த மோட்டார்ப் பந்தயத்திலேயே 7 பேர் செத்தார்கள்.

அப்புத்தளை மூடுபனி:
அது கார் அண்ணே. தடத்தை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. பைக் வளைவோடு சேர்க்காதீர்கள்.

கொழுந்து லொறி:
செத்தவனுக்குக் கார் என்ன பைக் என்ன.

வடமராட்சி:
நீங்கள் எல்லாரும் வளைவு வளைவு எண்டு எழுதுறியள். எங்கட யாழ்ப்பாணப் பக்கம் முடக்கு எண்டுதான் சொல்லுவம்.

பழைய ஸ்பேனர்:
உங்கள் பக்கம் முடக்கே இல்லையே ஐயா, எல்லாம் நேர் ரோட்டு. இல்லாத சாமானுக்குப் பேர் வைத்து என்ன பயன்?

வடமராட்சி:
மெக்கானிக்கர் வந்து பாத்திட்டுக் கதைக்கட்டும். வல்லிபுரத்து மணலுக்கை பைக் ஓட்டினால் தெரியும் நெஞ்சு.

லபுக்கெலை பல்சர்:
நான் சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை. பயந்து பாதி வளைவில் பிரேக் பிடிக்கிறவன்தான் விழுகிறான். பயந்தால் கண் எதிர் மதிலுக்குப் போகும், கண் போன இடத்துக்கு வண்டியும் போகும். முன் பிரேக்கை அமுக்கினால் வண்டி நிமிர்ந்து நேரே போகும். வளைவு முடியும் இடத்தைப் பார்த்து, வலது வளைவென்றால் வலது கையை முன்னால் தள்ளி, எக்ஸலேட்டரை மெதுவாகத் திறந்தால் வண்டி தானாக வரும். இதற்கு நெஞ்சு வேண்டும். நுவரெலியா மகாகஸ்தோட்ட ஏற்றப் பந்தயத்தைப் பாருங்கள், 1934லிருந்து நடக்கிறது. அங்கே பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, பெயரிலேயே இருக்கிறது: ஏற்றப் பந்தயம். மேலே ஏறும்போது மலையே உனக்குப் பிரேக் பிடிக்கும். நீ வந்தது இறக்கம். நுவரெலியா குளிரில் டயர் சூடாகாமல், ரோட்டில் ஈர இலையும் பஸ் கொட்டிய டீசலும் கிடக்க, கீழ்நோக்கி. கண்ணைப் பற்றிச் சொன்னது சரி, கையைத் தள்ளுவதும் சரி, அதை நான் உனக்குப் பட்டறையில் சொன்னதே. என் பாடத்தை எனக்கே திருப்பி ஒப்பிக்கிறாய். "அமுக்குவது" வேறு, "பிடித்துத் தளர்த்துவது" வேறு. திடீரென்று அமுக்கினால் யாரும் விழுவான். நான் கேட்டது அதுவா?

லபுக்கெலை பல்சர்:
நீங்கள் கேட்டது லைட்டை. நான் சொன்னது சுவிட்ச்.

கணக்கு சேர்:
வளைவு எங்கே தொடங்குகிறது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

டிக்கோயா எஃப்ஸி:
சேர், சிடி 100 பைக் ஓட்டுகிற நீங்கள் இதில் ஏன்? உங்கள் முன் பிரேக் டிஸ்க் இல்லை, பழைய டிரம் வகை. பிடித்தாலும் ஒன்றுதான், பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

கணக்கு சேர்:
டிரம் பிரேக் வைத்துக்கொண்டு பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வரை ஒரு கீறல் இல்லாமல் இறங்கிய பழைய மாணவர்கள் எனக்கு உண்டு. டிஸ்க் வைத்திருந்தும் தேயிலைச் செடிக்குள் போன மாணவர்களும் உண்டு, பெயர் சொல்லவில்லை, டிக்கோயாவில் இருக்கிறார்.

டிக்கோயா எஃப்ஸி:
அன்றைக்கு மழை சேர். உங்களுக்கும் தெரியும்.

கொழுந்து லொறி:
மழைதான் பெய்யும், இது மலைநாடு.

அப்புத்தளை மூடுபனி:
நான் மறுபடியும் சொல்கிறேன், ஜோயி என்றால்...

பழைய ஸ்பேனர்:
ஜோயியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். 1 நிமிடம் 14 ஆவது செக்கன். முன் ஃபோர்க் இறங்குகிறது, ஒரு விரலளவுக்கு. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் இப்படி இறங்காது. சுவிட்ச் பழுதென்றால் ஃபோர்க்குமா பழுது? அதையும் நான்தான் போட்டேன் என்பாயா?

லபுக்கெலை பல்சர்:
ஃபோர்க் ஒயிலும் நீங்கள்தான் மாற்றினீர்கள் அண்ணே.

பழைய ஸ்பேனர்:
அதற்கும் காசு வரவில்லை. 1 நிமிடம் 14. எல்லாரும் போய்ப் பாருங்கள்.