கலைச்சொல் தேவை: பந்தயக் கார் டயரில் "ஸ்டேகர்"

மடல் 1

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள மார்ட்டின்ஸ்வில் பந்தயத் தடத்தின் வரலாற்றுக் கட்டுரைக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது.

0.526 மைல் நீளமுள்ள இந்தத் தடத்தில் முதல் பந்தயம் 1947 செப்டம்பர் 7 அன்று நடந்தது. அமெரிக்கக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பே அப்போது இல்லை. 1949 செப்டம்பர் 25 அன்று நாஸ்காரின் "ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்" (விற்பனைக்கு வந்த காரை மாற்றாமல் ஓட்டும்) பந்தயம் இங்கே நடந்தபோது ரெட் பைரன் வென்றார். மண் தடத்துக்கு 1955இல் தார் போட்டார்கள். 1976இல் வளைவுகளை மட்டும் கான்கிரீட் ஆக்கினார்கள். இதுவரை எழுதுவதில் சிக்கல் இல்லை. ஒரு மைலுக்குக் குறைந்த தடத்தைக் "குறுந்தடம்" என்று எழுதுகிறேன்.

இடிப்பது "ஸ்டேகர்". அகராதி "தள்ளாட்டம்" என்கிறது. அதைப் போட்டால் "பின் டயர்களின் தள்ளாட்டத்தைக் கூட்டினார்கள்" என்று வருகிறது. டயர் குடித்துவிட்டு வந்ததுபோல் இருக்கிறது.

மடல் 2

தள்ளாட்டம் வேண்டவே வேண்டாம் ஐயா. முதலில் பொருளைப் பிடிப்போம், சொல் பின்னால் வரும்.

இந்தத் தடத்தில் கார்கள் இடஞ்சுழியாகவே ஓடுகின்றன. வளைவில் வலப்பக்கச் சக்கரம் வெளிவட்டத்தில் போவதால் அதற்குத் தூரம் அதிகம். சாலையில் ஓடும் காரில், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு அதைச் சமாளித்துவிடும். பந்தயக் காரில் ஒரு சக்கரம் மட்டும் சுழன்று இழுவை வீணாகக் கூடாது என்பதற்காக, பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே சுழலும்படி பூட்டிவிடுவார்கள். சுழற்சி ஒன்று, தூரம் இரண்டு. அதனால் வலது டயரைச் சுற்றளவில் சற்றுப் பெரிதாக மாட்டுகிறார்கள். அந்த வித்தியாசம்தான் ஸ்டேகர். தேநீர்க் கடைக் காகிதக் குவளையைப் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள்: அகன்ற வாய் வெளியே ஓட, குறுகிய அடி உள்ளே திரும்ப, குவளை தானாகவே வட்டமடிக்கும்.

அளக்கும் முறையும் சொல்லுக்கு உதவும். டயரை ஓட்டக் காற்றழுத்தத்துக்கு நிரப்பி, தரை படும் பகுதியின் நட்டநடுவில் மெல்லிய எஃகு நாடாவைச் சுற்றி அளக்கிறார்கள். வலது 88 அங்குலம், இடது 86 என்றால் ஸ்டேகர் 2. நாடா சற்றுக் கோணினாலும் கணக்கு தப்பும். விட்டத்தை யாரும் அளப்பதில்லை. ஆகவே "சுற்று" என்பது சொல்லுக்குள் இருந்தாக வேண்டும்.

மடல் 3

"வலமிகை" எப்படி? சுருக்கமாக இருக்கிறது. 1949இல் விற்பனைக் காட்சியறையில் இருந்த காரை எதையும் மாற்றாமல் அப்படியே ஓட்ட வேண்டும் என்ற கண்டிப்பு இருந்தபோதும், வலது முன்சக்கரத்துக்கு மட்டும் எஃகுத் தகடு வைத்து வலுவூட்ட அனுமதித்தார்கள். இல்லாவிட்டால் வளைவின் சுமையில் நட்டு சக்கரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். எல்லாச் சுமையும் வலப்பக்கம்தான்.

மடல் 4

வலமிகை எனக்கு ஒப்பில்லை. ஆஸ்திரேலியாவில் சில மண் தடங்களில் வலஞ்சுழியாக ஓட்டுகிறார்கள். அங்கே இடது டயர்தான் பெரிது. சொல் திசையோடு கட்டுப்பட்டால் பாதி உலகத்துக்கு உதவாது.

"சுற்றுமிகை" என்று வைக்கலாம். கணக்கிலும் உட்காருகிறது. மார்ட்டின்ஸ்வில்லில் ஒவ்வொரு நேர்ப்பகுதியும் 800 அடி, ஒவ்வொரு வளைவும் 588 அடி. வளைவை அரைவட்டமாகக் கொண்டால் ஆரம் சுமார் 187 அடி. பின் சக்கரங்களுக்கு இடையே 5 அடி என்று வைத்தால், 5ஐ 187ஆல் வகுக்க 0.0267. டயர் சுற்றளவு 88 அங்குலம் என்றால், தேவையான சுற்றுமிகை சுமார் 2.35 அங்குலம். இது வெறும் வடிவக் கணக்கு. உண்மையில் டயர் வழுக்கும், ஓட்டுநர் பிடிக்கும் கோடும் சரியான அரைவட்டமல்ல. அதைவிட, 800 அடி நேர்ப்பகுதியில் தேவைப்படுவது பூஜ்யம்! அங்கே பூட்டிய சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துத் தேய்க்கும், கார் இடப்பக்கம் இழுக்கும். அதனால் நடுவில் எங்கோ நிறுத்துகிறார்கள்.

மிகை கூடிப்போனால் வளைவில் வால் வெளியே வீசும். குறைந்தால் மூக்கு திரும்பாமல் சுவரைப் பார்த்துப் போகும். மண் தடத்தில் காரை வலுவில் திருப்ப வேண்டியிருப்பதால் பல அங்குல மிகை வைப்பதுண்டு. கட்டுரையில் 1955க்கு முன், பின் என்று பிரித்து எழுதும்போது இதை மறக்க வேண்டாம்.

மடல் 5

சுற்றுமிகைக்கு என் ஓட்டும். ஓர் எச்சரிக்கை: அது நிலையான எண் அல்ல. ஓட ஓட வலது பின் டயர் அதிகம் சூடேறி, அழுத்தம் கூடிப் பெருத்தால், மிகையும் கூடும். தொடக்கத்தில் சரியாக இருந்த கார் முப்பது சுற்றில் வால் வீசத் தொடங்கும். ஈரக் காற்றில் இந்த அழுத்தம் இன்னும் கூடும் என்பதால்தான் ஈரமில்லாத நைட்ரஜன் நிரப்புகிறார்கள். எனவே "குளிர் சுற்றுமிகை", "சூட்டுச் சுற்றுமிகை" என்று இரண்டாகவே எழுதுங்கள்.

லாரிக்காரர்கள் நைலான் டயர் என்பார்களே, அந்தப் பழைய வகையில் அதிகக் காற்றடித்து வெயிலில் வைத்தால் டயர் விரிந்துகொடுக்கும். மிகையை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். 1989இல் நார்த் வில்க்ஸ்பரோ குறுந்தடத்தில் குட்இயர் நிறுவனத்தின் ரேடியல் (எஃகுப் பட்டை வைத்த) டயர் பந்தயத்துக்கு வந்தபின் அந்த வித்தை செல்லவில்லை. எஃகுப் பட்டை நீளாது. டயர்களை அளந்து ஜோடி சேர்ப்பதும் அழுத்தத்தை மாற்றுவதும்தான் வழி.

மடல் 1 எழுதியவரிடமிருந்து

நன்றி. சுற்றுமிகை என்றே ஏற்றுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் "ஸ்டேகர் எனப்படும் சுற்றுமிகை" என்று போடுகிறேன். 1964இல் மார்ட்டின்ஸ்வில்லில் வென்ற ஓட்டுநர் ஃபிரெட் லோரன்சனுக்கு முதன்முதலாகக் கொடுத்த பரிசைத் "தாத்தா கடிகாரம்" என்று எழுதியிருந்தேன். அதை "ஆளுயரக் கடிகாரம்" என மாற்றட்டுமா?

மடல் 6

மாற்றுங்கள். தாத்தாவுக்கும் அதற்கும் தமிழில் உறவில்லை.