திருபுவனத்தில் பட்டுத்தறி பார்க்க ஒரு நாள் போதுமா?

ஊர்சுற்றி:
அம்மாவுடன் கும்பகோணம் வருகிறேன், ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. திருபுவனத்தில் பட்டு நெய்வதை நேரில் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் விடுவார்களா? நெய்கிறவரிடமே சேலை வாங்கினால் விலை குறையுமா?

காவிரிக்கரை:
தாராளமாகப் போதும். மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறினால் சுமார் 8 கிலோமீட்டர்தான். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு நூலை, நீட்டுவது அதிர்ஷ்டம் இருந்தால் கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நடக்காது. அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள், பலர் அன்று தறியில் உட்கார மாட்டார்கள். வாசலில் நின்று கேட்டால் பெரும்பாலும் உள்ளே கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம், உங்களிடம் தமிழில்தான் பேசுவார்கள்.

தறிவீட்டுப்பிள்ளை:
விலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எங்கள் வீட்டிலும் தறி ஓடுகிறது. தறியில் இருக்கிற சேலை அநேகமாக நெய்கிறவருடையது இல்லைங்க. பாவு, ஊடை (குறுக்கு நூல்), ஜரிகை எல்லாம் கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ கொடுப்பது, நெய்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்குவோம். அதனால் "இதையே எனக்குக் கொடுங்க, கடையை விடக் குறைத்து" என்று கேட்டால் அவருக்குத்தான் சங்கடம். நெய்வதைப் பார்த்துவிட்டு, சங்கத்துக் கடையில் வாங்குங்கள். சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் அது பட்டு அசல் என்று மட்டும்தான் சொல்லும், கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு. 2019ல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விசிறி மடிப்பில் மடித்துத் தருவது இந்த ஊர் வழக்கம்.

கோபுரவாசல்:
ஆட்டோக்காரர் "தறி காட்டுகிறேன்" என்று கூட்டிப்போனால் நேராகக் கடையில்தான் இறங்குவீர்கள், அங்கே பெயருக்கு ஒரு தறி நிற்கும். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலத்தில் அந்தக் கோயிலில் இருக்கிற சரபேஸ்வரர் சன்னதியில் கூட்டம் அள்ளும், அம்மாவோடு என்றால் வேறு நாள் பாருங்கள்.

ஊர்சுற்றி:
எல்லாருக்கும் நன்றி. தறியை போட்டோ எடுக்கலாமா?

தறிவீட்டுப்பிள்ளை:
ஆளை எடுக்கலாம், கேட்டுவிட்டு. புது டிசைனை மட்டும் கிட்டே போய் எடுக்காதீர்கள், படம் வெளியே போனால் விசைத்தறியில் அதே மாதிரி சேலை வந்துவிடும். அப்புறம் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான்.