பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆண்டு மலரை யுனிகோடுக்கு மாற்றுவது எப்படி?

சுதன்:
வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலையின் 2001 ஆண்டு மலர் கோப்பு கிடைத்திருக்கிறது. விண்டோஸ் 98 கணினியில், வேர்டில் அடித்தது. இப்போது விண்டோஸ் 11-இல் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பின்னாளில் செய்த உறுப்பினர் பட்டியல் ஒன்றும் உண்டு, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெற்றெழுத்து) கோப்பு. எக்செலில் அதைத் திறந்தால் தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ‘ஏ’தான் திரும்பத் திரும்ப வருகிறது. என்கோடிங்கை (எழுத்துக் குறிமுறையை) மாற்றிப் பார்த்தும் மலர் சரியாகவில்லை. அதில் எழுதிய பலர் இன்று உயிரோடு இல்லை. எப்படியாவது மீட்க வேண்டும்.

கலைமதி:
இரண்டும் வேறு வேறு சிக்கல், சுதன். எழுதியது எதுவும் அழியவில்லை, பயப்படாதீர்கள். முதலில் நகல் எடுத்து வையுங்கள்.

சிஎஸ்வி சுலபம். அது யுடிஎஃப்-8, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யுனிகோடை பைட்டுகளாகச் சேமிக்கும் ஒரு முறை. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே. எக்செல் அதை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 என்ற எழுத்து அட்டவணைப்படி படிப்பதால் அந்த ‘ஏ’. டேட்டா மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ போய், ஃபைல் ஆரிஜினில் 65001 (யுடிஎஃப்-8-இன் எண்) கொடுங்கள்.

மலர் கதை வேறு. விண்டோஸ் 98 எட்டு பிட் அட்டவணைகளை நம்பி ஓடியது. அரபுக்கும் ஹீப்ருவுக்கும் அட்டவணை இருந்தது, தமிழுக்கு இல்லவே இல்லை. யுனிகோடில் 1991-லேயே தமிழ் இடம்பெற்றது. 1993-இல் வந்த விண்டோஸ் என்டி உள்ளுக்குள் யுனிகோடில்தான் இயங்கியது. ஆனாலும் தமிழைக் காட்டும் வசதியும் லதா எழுத்துருவும் விண்டோஸ் 2000-இல்தான் வந்தன. நம்மவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து புத்தகமே போட்டார்கள். பாமினி அப்படிப்பட்டது. கணினிக்கு உங்கள் மலர் ஆங்கிலம்தான், அதனால் என்கோடிங்கை மாற்றிப் பயனில்லை. பாமினியை நிறுவினால் உடனே படிக்கலாம். தேடவும் பகிரவும் யுனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

சுதன்:
நன்றி அக்கா. ஃபைண்ட்-ரிப்ளேஸ் போட்டு மாற்றலாமா?

கலைமதி:
வேண்டாம். பாமினியில் ‘கொ’ என்றால் கொம்பு, க, கால் என்று கண்ணில் படும் வரிசையில் மூன்று விசை. யுனிகோடில் க முதலில், பிறகு ஒகரக் குறி ஒன்று. கொம்பை முன்னால் கொண்டுபோய்க் காட்டுவது இயங்குதளத்தின் வேலை. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பெல்லாம் இடம் மாறி நிற்கும். இந்த வரிசையைக் கவனிக்கும் பாமினி மாற்றிகள் இணையத்தில் உண்டு.

இளமாறன்:
மலரில் உண்மையான ஆங்கிலமும் இருக்குமே, அதை மாற்றியில் போட்டால் சிதைந்துவிடும். வேர்டின் ஃபைண்டில் எழுத்துருவாகப் பாமினியைக் கொடுங்கள், தமிழ்ப் பகுதி மட்டும் கிடைக்கும். அப்புறம், யுனிகோடுக்கு மாற்றியதை நோட்பேடில் ‘ஆன்சி’ (அந்தப் பழைய அட்டவணை முறை) என்று சேமித்துவிடாதீர்கள். தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அதை மீட்க வழியே இல்லை.

சுதன்:
பட்டியல் சரியாக வந்துவிட்டது! மலரின் முன்னுரையும் மாறிவிட்டது, ‘ஸ்ரீ’ மட்டும் சில இடங்களில் உடைகிறது.

இளமாறன்:
அதைக் கையால் திருத்துங்கள். அச்சுப் பிரதி யாரிடமாவது இருந்தால் பக்கம் பக்கமாக ஒத்துப் பாருங்கள், முக்கியமாக ஆட்பெயர்களை.