வெட்ட வெட்ட நீர்ப்போத்துதான் வருகிறது, பூ வரவில்லை

வீட்டுத் தோட்டத்து ஆப்பிள் மரம் இரண்டு வருடமாகப் பூக்கவில்லை. காலா ரகம், எம்.எம்.106 என்ற வேர்ச்செடியில் (ஒட்டுக்கு வேராக அமையும் அடிச்செடி) ஒட்டுக்கட்டியது, வயது 7. நாள் முழுவதும் வெயில் படும் இடம், தண்ணீர் தேங்காது.

முன்பு நன்றாகக் காய்த்த மரம்தான். இரண்டு குளிர்காலத்துக்கு முன், உள்ளே வெளிச்சம் வரட்டும் என்று பாதிக் கிளைகளை ஒரே நாளில் வெட்டித் தள்ளினேன். வினை அங்கேதான் தொடங்கியது. அடுத்த கோடையில் வெட்டிய இடங்களைச் சுற்றி விளக்குமாற்றுக் குச்சிகள் போல நீர்ப்போத்துகள், அதாவது பூக்காமல் வேகமாக நீளும் இளங்கிளைகள், செங்குத்தாகக் கிளம்பின. சில ஒரு மீட்டரைத் தாண்டின. சென்ற குளிர்காலத்தில் அவற்றை அடியோடு வெட்டினேன். இப்போது இரண்டு மடங்கு!

தழைச்சத்து உரத்தை ஓராண்டாக நிறுத்தியிருக்கிறேன். நான்கு போத்துகளைக் கயிற்றால் இழுத்துக் கிடைமட்டமாகக் கட்டினேன். அவற்றில் காய்க்கும் குறுங்கிளைகள் இன்னும் உருவாகவில்லை. அசுவினி, கருகல் எதுவும் இல்லை. இலைகள் கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கின்றன, அதுதான் எரிச்சல். (மகரந்தத்துக்கு வேறு ரகம் அருகில் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பூவே இல்லாதபோது அதனால் என்ன பயன்?)

இப்போது கோடைத் தொடக்கம், போத்துகள் இன்னும் முற்றவில்லை. எல்லாவற்றையும் இப்போதே கையால் பிய்த்து எடுத்துவிடலாமா, அல்லது சிலவற்றை வளைத்துக் கட்டி விட்டுவைக்க வேண்டுமா?