பெட்டி ஏன் கோணலா வருது? கோடும் நடுங்குது, உதவி தேவை

மைக்கறை: டூ பாயின்ட் பெர்ஸ்பெக்டிவ்ல (தூரத்துக்குப் போற கோடெல்லாம் ரெண்டு புள்ளியில போய்ச் சேர்ற முறை) பெட்டி வரையறேன். அந்தக் கோடெல்லாம் வேனிஷிங் பாயின்ட்டுக்குத்தான், அதாவது அந்தப் புள்ளிகளுக்குத்தான் போகுது, செக் பண்ணிட்டேன். ஆனா பெட்டி மாதிரியே இல்ல, கப்பல் முனை கணக்கா முன்னாடி துருத்திக்கிட்டு நிக்குது. நீளக் கோடு வேற நடுங்குது. சனிக்கிழமை க்ளாஸ்ல காட்டணும், சீக்கிரம் சொல்லுங்க.

அரைத்தூக்கம்: பேப்பரா, டேப்லெட்டா? படம் போடாம எப்படிங்க சொல்றது?

செவந்தி: மணிக்கட்டுல வரையறீங்க, அதான் நடுக்கம். தோள்பட்டையில இருந்து மொத்தக் கையும் நகரணும். ரெண்டு புள்ளி வெச்சு, பென்சில் தாள்ல படாம சில தடவ ஓட்டிப் பாருங்க. அப்புறம் ஒரே இழுப்பு. கண்ணு பென்சில் முனையில இல்ல, போய்ச் சேர்ற புள்ளியில இருக்கணும்.

தூரிகை_சீனியர்: மாசம் ஒருத்தர் வந்து இதையே கேக்கறீங்க. பெர்ஸ்பெக்டிவ் பத்தி 1435லயே இத்தாலிக்காரர் ஆல்பர்ட்டி எழுதிவெச்சுட்டார். ஃபோரத்துல பழைய இழையைத் தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்ல.

அரைத்தூக்கம்: சார், கேட்டதுக்குப் பதில் எங்க?

குமிழி: ஸ்கேல் வெச்சுப் போடுங்க, வேலை முடிஞ்சுது.

செவந்தி: ஸ்கேலை எடுத்தா கை எப்பப் பழகும்?

குமிழி: ஆர்க்கிடெக்ட் எல்லாம் டி-ஸ்கொயர்ங்கிற T வடிவ ஸ்கேல் வெச்சுத்தான போட்டாங்க? அவங்களுக்குக் கை வரலையா?

தூரிகை_சீனியர்: தஞ்சாவூர்ப் படத்துல வேனிஷிங் பாயின்ட்டே கிடையாது. கோடு மட்டும் எப்படி நிக்குது பாருங்க.

குமிழி: இப்பதான் ஆல்பர்ட்டின்னீங்க!

மைக்கறை: ஏ4, ஹெச்பி பென்சில். ரெண்டு பாயின்ட்டும் தாளோட ரெண்டு ஓரத்துல. கட்டில்ல உக்காந்து மடியில வெச்சு வரையறேன்.

நாற்சந்தி: இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. ஏ4ஐக் குறுக்கால வெச்சாலும் 297 மி.மீ.தான், பாயின்ட் ரெண்டும் ரொம்பக் கிட்ட. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை விட்டமா வெச்சு ஒரு வட்டம் போடுங்க. உங்க பெட்டியோட முன்மூலை அதுக்கு வெளிய விழுந்திருக்கும். அங்க போனா மூலை 90 டிகிரிக்குக் கீழ குறுகிடும், கண்ணு ஒத்துக்காது. தாளை மேஜை நடுவுல ஒட்டுங்க, பாயின்ட் ரெண்டையும் வெளிய தள்ளி மேஜை மேலயே செல்லோடேப் ஒட்டிக் குறிச்சுக்கங்க. பெட்டியை வரைஞ்சு பார்க்க இது போதும். மத்தபடி மடியில படுக்க வெச்சு வரையாதீங்க. சாய்வாப் பார்க்கிறப்ப தாளோட மேல்பாதி குறுகலாத் தெரியும், கை தன்னால அதை நீட்டிடும். அட்டையில கிளிப் போட்டுச் சாய்ச்சு வைங்க.

செவந்தி: சாய்ச்சு வெச்சா தோள்பட்டையும் தாராளமா நகரும்.

குமிழி: ஸ்கேலும் நழுவி விழும்.

மைக்கறை: பாயின்ட்டைத் தள்ளி வெச்சேன், பெட்டி சரியாயிடுச்சு. கோடு இன்னும் நடுங்குது. நன்றி.